வெளிச்சத்துக்கு வா

முகத்தைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது என்பார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு ஆள் எடுத்தார். படிப்பு கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், சாதி கேட்கமாட்டார். பெயரைக்கூட எடுத்த பிறகுதான் கேட்பார். வந்தவளின் தாடையைப் பிடித்து, “வெளிச்சத்துக்கு வா” என்று வெயிலுக்கு இழுத்துப் போவார். கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்ப்பார். பெரியம்மைத் தழும்பு இருந்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் “போ”. அவ்வளவுதான் பேட்டி.

பூந்தமல்லிக்கு மேற்கே, சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாந்தோப்பில் நான்கு கீற்றுக் கொட்டகைகள். பெரியம்மை கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து போடுகிற இடம் அது. காகிதத்தில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஜனங்கள் ‘கொட்டா ஆஸ்பத்திரி’ என்றார்கள். இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த அம்மா அங்கே மேட்ரன். நான் அம்மை குத்துகிறவன், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடுகிறவன். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அம்மை குத்திவிட்டு, மிச்சப் பொழுதுக்குக் கொட்டகையில் எழுத்து வேலை பார்த்தேன். நான் ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைப்பார்கள். ஆத்தாளோடு விளையாடுகிறவன் என்று என் நிழலைக்கூட மிதிக்கமாட்டார்கள். ஆக, அந்தப் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காத இரண்டு பேர் நானும் அந்த அம்மாவும்தான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. மேட்டனம்மா என்றால் போதும்.

தழும்பு பார்த்து ஆள் எடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரியம்மை ஒரு தடவை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது. அப்படிப்பட்டவர்கள் கொட்டகைக்குள் பயமில்லாமல் புழங்கலாம், சீழைத் துடைக்கலாம், தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். அம்மை குத்திக்கொண்டவர்களையும் எடுக்கலாம் என்றுதான் விதி சொன்னது. ஆனால் அந்த அம்மாவுக்கு என் ஊசிமேலும் அதில் தொட்டுக் குத்துகிற அம்மைப் பால்மேலும் அவ்வளவாக மரியாதை கிடையாது.

“உன் அம்மைப் பாலு ரயில்லயும் வண்டிலயும் வெந்துகினு வருது தம்பி. வர்றதுக்குள்ள பாதி செத்துப் பூடுது. ஆத்தா போட்ட கையெழுத்து வேவாது” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரர் அவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். “ஏசுவைக் கும்பிடுகிற நீங்கள் ஆத்தா ஆத்தா என்கிறீர்களே” என்று ஒருநாள் கேலி செய்தேன். “யேசு சாமி வேலைக்கு ஆளு அனுப்பட்டும், அவரு பேரச் சொல்றேன்” என்றார்.

அவர் முகமே ஒரு கையெழுத்துத்தான். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஓரிடம் விடாமல் குழி விழுந்திருக்கும். இடது கண்ணில் பூ விழுந்து வெளுத்துப்போயிருக்கும். வலது கண்ணால் பார்ப்பார், ஆனால் முடிவு சொல்வது கட்டைவிரல். சின்னம்மைத் தழும்பு மேலோடு போய்விடும், பெரியம்மைக் குழியில் நகம் போய் நிற்கும் என்பார். எனக்கு எத்தனையோ தடவை காட்டியும் என் விரலுக்கு அந்த வித்தை முழுசாகப் பிடிபடவில்லை. தூர நின்று பார்ப்பவர்களுக்கு அது சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் அருவருப்பாக இருந்தது.

முனியம்மாவைப் பார்த்த பிறகுதான் அந்த அருவருப்பு போயிற்று. முனியம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதால் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள். வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். மேட்ரனம்மா முந்தானையை விலக்கி, வெயிலில் நிறுத்தி, விரலால் தேய்த்துவிட்டு, “நல்லா கீது” என்றார். தழும்பு நன்றாக ஆழமாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில்தான் சொன்னார். முனியம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். “என் மூஞ்ச பாத்து இதுவரைக்கும் யாரும் நல்லாருக்குன்னு சொன்னதில்லீங்க” என்றாள். அதற்கு அப்புறம் அவள் முகத்தை மூடி நான் பார்த்ததில்லை.

இப்படிக் கல்யாணச் சந்தையில் கழித்துப்போட்ட முகங்கள் பதினான்கைச் சேர்த்துவைத்திருந்தார். எல்லாரும் ஒரே பானையில் சாப்பிட வேண்டும். ஒருத்தி மட்டும், நான் இன்ன சாதி, அவள் தொட்ட குடத்தில் குடிக்கமாட்டேன் என்று தகராறு செய்தாள். அந்த அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இங்க ரெண்டே சாதி. அம்மை வந்தவ, வராதவ. நீ வந்தவ. கம்முனு குட்சிட்டு வேலயப் பாரு.” அவள் குடித்தாள்.

நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வாய் மோசம். கை அதைவிட மோசம், கஞ்சி ஆற வைக்காமல் ஊட்டினவளை ஒருமுறை கன்னத்தில் அறைந்தார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காதது, வேண்டாம் என்று அனுப்புகிறவளுக்குக் காரணம் சொல்லாதது. வேலைக்கென்று நாலு மைல் நடந்து வந்தவளை விரலால் ஒரு தேய், “போ” என்று ஒரு சொல். அவள் தன் முகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவாள். “உனக்கு வந்தது வேறு அம்மை, இங்கே வந்தால் ஆபத்து என்று சொல்லி அனுப்பினால் என்ன?” என்று கேட்டேன்.

“காரணம் சொன்னா வாதாடுவாளுங்க தம்பி. வாதாடறதுக்கு எனக்கு ஏது நேரம்? உள்ள ஒருத்தன் தண்ணி கேட்டுகினு கெடப்பான்.”

தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு பைத்தியம். அம்மை கண்டவனுக்குத் தொண்டைக்குள்ளும் முத்துப் போட்டிருக்கும், விழுங்க முடியாது, ஆனால் தாகம் உயிரை வாங்கும். ஒரு துணியை நனைத்து, உதட்டில் சொட்டுச் சொட்டாகப் பிழிய வேண்டும். ஓர் ஆளுக்கே கால்மணி நேரம் பிடிக்கும். மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லாத நோய் அது. வேப்பிலையும் வாழையிலையும் தண்ணீரும்தான். ஆகவே கை வேண்டும், நிறையக் கைகள் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வைத்திய சாஸ்திரம்.

ஒருநாள் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகச் சொன்னார். ஐந்து வயதில் அம்மையோடு அவரை இதேமாதிரி ஒரு கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்களாம். திரும்ப யாரும் வரவில்லை. “என்ன பெத்தவ செத்துட்டாளா, பயந்து ஓடிட்டாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மூஞ்சியெல்லாம் குழி உழுந்த ஆயா ஒருத்தி தண்ணி பிழிஞ்சு ஊத்துனா. நான் ஆத்தான்னு சொல்றது அவளத்தான்.” சொல்லிவிட்டு, இலையைச் சரியாக நறுக்கவில்லை என்று என்னைத் திட்டினார்.

ஆள் தேடுவதற்கு அவர் வைத்திருந்த வழி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. ஆடி மாதம் வந்தால், கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் ஒன்று விடாமல் போவார். அம்மை வந்து பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டபடி கூழ் ஊற்ற வருவார்கள் அல்லவா? சிலுவையைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு, பந்தலுக்கு வெளியே நின்று, கொடுத்த கூழை வாங்கிக் குடித்துக்கொண்டே வருகிற போகிற முகங்களைப் பார்ப்பார். துணைக்கு நான். நூம்பலிலும் வேலப்பன்சாவடியிலும் எங்களை விரட்டியடிக்காமல் விட்டது அந்த அம்மாவின் முகத்துக்காகத்தான். அம்மன் அவ்வளவு அழுத்தமாகத் தொட்ட முகத்தை யார் விரட்டுவார்கள்?

பச்சையம்மாளை நாங்கள் பார்த்தது நூம்பலில்தான். அவளே தேடிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் நாலைந்து, மூக்குக்கு மேல் ஒன்று, தழும்புகள் இருந்தன. “எனக்கும் ஆத்தா வந்து போச்சுங்க. வேல குடுங்கம்மா” என்றாள். வெளிச்சம், விரல், “போ”. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

“சின்னம்மை” என்றார் அந்த அம்மா, நாங்கள் திரும்பி நடக்கும்போது.

அவள் பொய் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்கள் வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அம்மன் கோபிப்பாள். பெரியம்மையானாலும் சின்னம்மையானாலும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, “ஆத்தா வந்திருக்கா” என்பார்கள். இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கூழ் ஊற்றுவார்கள். எந்த ஆத்தா என்று யாரும் கேட்பதில்லை. பத்து வயதில் தனக்கு வந்தது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒருத்தர் நேருக்கு நேர் நின்றும் சொல்லவில்லை.

அந்த வருடத்தில்தான் ஆவடி எங்கள் ஆட்களை விழுங்க ஆரம்பித்தது. பனங்காட்டை அழித்துப் பட்டாளத்துக்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள். பட்டாளம் வந்தால் பட்டாள ஆஸ்பத்திரியும் வந்துவிடும். ஆஸ்பத்திரி வேலையில் பழகினவர்கள் என்றால் ஆயா, தோட்டி, சமையல்காரி என்று எத்தனை பேர் போனாலும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பதினான்கு பேரில் முதலில் இரண்டு பேர் போனார்கள், அப்புறம் ஐந்து பேர். ஒருநாள் முனியம்மா வந்து நின்றாள். மேலெல்லாம் சோப்பு வாசனை.

“தப்பா நெனச்சிக்காதம்மா. அங்க சோப்பு தரான், அரிசி தரான். சீழு நாத்தம் இல்ல. கை கால் ஒடஞ்ச சோல்ஜருங்கதான்.”

நான் அவளைப் பிடித்துக் கத்தினேன், நன்றி கெட்டவள் என்றேன். மேட்ரனம்மா என்னைத்தான் அதட்டினார். “உனக்கு இன்னா, நீ ஊசி குத்திட்டு சைக்கிள் ஏறிப் போறவன். சும்மா இரு” என்றவர், முனியம்மாவிடம், “மூஞ்ச மூடிகினு போவாத. நிமிந்து போ” என்றார். அவள் போனபின் அந்த அம்மா கொட்டகைக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவில்லை.

மாசி பிறந்ததும் நோய் மும்முரமாயிற்று. ஒவ்வொருத்தியாகப் போனது போக எங்களிடம் மிஞ்சியது மூன்று பெண்கள். படுத்திருந்தவர்கள் நாற்பதுக்கு மேல். இடமில்லாமல் மாமரத்தடியில் பாய் போட்டோம். மேலே ஆள் கேட்டு எழுதினால், உள்ளூரில் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. அம்மைப் பால் கேட்டு எழுதினால், பட்டாளத்துக்குப் போக மிச்சமிருந்தால் வரும் என்று பதில் வந்தது. நாலு கொட்டகையிலிருந்தும் “தண்ணி, தண்ணி” என்கிற முனகல் பகலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். சிலர் அந்த வார்த்தையோடே போனார்கள். அந்த அம்மா நான்கு நாட்களாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பச்சையம்மாள் வந்தாள்.

“மேட்டனம்மா, ஆடியில நூம்பல்ல கேட்டேனே, வாணாம்னுட்டீங்க. இப்பவாச்சும் எடுத்துக்கங்கம்மா. ரோடு போடறேன்னு அஸ்ஸாமுக்குப் போன மனுசன், ஒரு தகவலும் இல்ல. ஊட்ல மாமியாரும் ரெண்டு புள்ளைங்களும் கஞ்சிக்கில்லாம கீதுங்க.”

மாமரத்து நிழலில் நின்றிருந்தாள். அந்த அம்மாவின் இடுப்பில் குடம். வழக்கமான கை தாடைக்குப் போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. உள்ளிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். அந்த அம்மா கொட்டகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உனக்கு ஆத்தா வந்து போச்சா?”

அவர் யாரையும் கேட்டு நான் அறியாத கேள்வி அது.

“போச்சும்மா. பத்து வயசுல. கூழு கூட ஊத்துனோம்.”

“சரி. கொடத்தப் புடி.”

நான் பக்கத்தில் போய், “அம்மா, வெளிச்சத்துக்கு...” என்றேன்.

“பாத்தேன்” என்றார், என் பக்கம் திரும்பாமல்.

“மூன்று நாள் பொறுத்தால் பால் வந்தாலும் வரும். குத்திவிட்டு எடுத்துக்கலாம்.”

“மூணு நாளு உள்ள கெடக்கறவன் பொறுப்பானா? நீயே போய்ச் சொல்லு அவன்கிட்ட.”

நான் உள்ளே போய்ச் சொல்லவில்லை. பச்சையம்மாளிடமும் சொல்லவில்லை. “உனக்கு வந்தது சின்னம்மை, ஓடிப்போ” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எனக்கும் அந்த இரண்டு கைகள் வேண்டியிருந்தன. அதுதான் நிஜம்.

அவள் வந்ததும் கொட்டகை மாறிவிட்டது. கை அவ்வளவு பதமானது. அவள் துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது. சீழால் படுக்கையோடு ஒட்டிப்போனவர்களை வாழையிலையோடு சேர்த்து வலிக்காமல் புரட்டுவாள். கண் திறக்க முடியாதவர்களிடம், வெளியே எந்த மரத்தில் என்ன காய்த்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதால் அவள் பங்கு அரிசி வாராவாரம் வண்டிக்காரர் மூலம் நூம்பலுக்குப் போயிற்று. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் தண்ணீர் கேட்டுச் செத்தவர் என்று ஒருவரும் இல்லை. அந்த அம்மாகூட ஒரு மத்தியானம் அரைமணி நேரம் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் பால் வந்தது. அடித்துப்பிடித்துக்கொண்டு முதலில் பச்சையம்மாளுக்குத்தான் குத்தினேன். “எனக்கு எதுக்கு? எனக்குத்தான் வந்து போச்சே” என்று சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். நோயோடு புழங்க ஆரம்பித்த மூன்று நான்கு நாளுக்குள் குத்தினால்தான் பலன்; காலம் கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும்.

பதினான்காம் நாள் காய்ச்சல். முதுகு வலி என்றாள். மூன்று நாள் கழித்து முகத்தில் கண்டது. தான் துடைத்துப் பெருக்கிய கொட்டகையிலேயே, தான் போட்ட வாழையிலையிலேயே படுத்தாள். முத்து ஒன்றோடொன்று சேர்ந்து இரத்தம் கட்டுகிற வகை. அந்த வகையில் பிழைத்தவரை நான் கண்டதில்லை.

மேட்ரனம்மா அவளை வேறு யாரையும் தொடவிடவில்லை. அவரே துணி நனைத்துப் பிழிந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். கண் இரண்டும் மூடிப்போயிருந்த பச்சையம்மாள் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு கேட்டாள்:

“மேட்டனம்மா, ரெண்டாந்தபா வராதுன்னு சொல்வாங்களே. நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க?”

அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. துணியிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது.

“பாத்தேம்மா.”

“அப்போ ஆத்தா இஷ்டம்” என்றாள் பச்சையம்மாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மறுநாள் விடியற்காலை அவள் போய்விட்டாள். தோப்புக்குப் பின்னால், மற்றவர்களோடு அடக்கம் செய்தோம்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவும் நானும் நூம்பலுக்குப் போனோம். ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனோம். மாமியார்க்காரி வாசலுக்கு வந்தாள். கிழவி கூச்சல் போடுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று எதிர்பார்த்து நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அவள் கும்பிட்டாள்.

“நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க? பாத்துத்தானே எடுத்தீங்க. அவ தலையெழுத்து.”

திரும்பும் வழியில் வேலப்பன்சாவடி வந்தது. பட்டாள லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆவடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அங்கே வைத்து அந்த அம்மா சொன்னார்: “கெய்வி திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும் தம்பி. மண்ண வாரித் தூத்தியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்.”

அன்றிலிருந்து அவர் முகம் பார்ப்பதை விட்டுவிட்டார். வேலை கேட்டு யாராவது வந்தால், “கண்ணுல பூ கீது, எனக்குத் தெரியல. நீயே பாரு” என்று உள்ளே போய்விடுவார். பூ ஐந்து வயதிலிருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வருட ஆடிக்கு நான் மட்டும் கோயில் கோயிலாகப் போனேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி பத்தே நாளில் ஆவடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாசி முந்தியதைவிட மோசம். அறுபது பேருக்கு நான்கு பெண்கள். ஒருத்திக்குக் கால் வீங்கிப்போய் நடக்க முடியாது. வந்த பால் பெட்டியைத் திறந்தால் குப்பியெல்லாம் கெட்டுக் கிடந்தது. நான் ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குடம் சுமந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கோவில்பதாகையிலிருந்து ஒருத்தி வந்தாள். வாட்டசாட்டமான பெண். இரண்டு குடத்தைச் சேர்த்துத் தூக்கக்கூடிய தோள். முகத்தில் தழும்புகள் இருந்தன.

மரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். “ஆத்தா வந்து போச்சா?” என்று கேட்டேன். “போச்சுங்க” என்றாள். நான்கடி தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான்கடி நடக்க எனக்கு என்ன கேடு? என் கால் நகரவில்லை. சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “குடத்தை எடு” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மேட்ரனம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்க வெச்சுப் பாத்த?”

அவர் குடத்தை இறக்கி வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவளுடைய தாடையைப் பிடித்தார். “வெளிச்சத்துக்கு வா” என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். வெயிலில் நிறுத்தி, கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்தார். இரண்டு கன்னத்தையும் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பெரியம்மைக் குழி ஒன்றாவது இருந்துவிடக் கூடாதா என்று தேடியதுபோலத்தான் எனக்குப் பட்டது.

“உனக்கு வந்தது சின்னம்மை” என்றார். “இங்க கெடக்கறது பெரியம்மை. அது உனக்கு வரல. இங்க வேல செஞ்சா உனக்கும் வரும், செத்துப் பூடுவ. போம்மா.”

எனக்குத் தெரிந்து அவர் காரணம் சொல்லி அனுப்பிய முதல் ஆள் அவள்தான். அவர் சொன்ன மாதிரியே அவள் வாதாடினாள். ஆத்தாளில் சின்னது பெரியது உண்டா என்றாள். காலில் விழுந்தாள். வீட்டில் அடுப்பெரிந்து மூன்று நாளாகிறது என்றாள். அந்த அம்மா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பிச் சாலைப் பக்கம் தள்ளினார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் போனார்கள். நாங்கள் மூன்றாம் கொட்டகையில் இருந்தபோது முதல் கொட்டகையில் ஒருத்தர் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். பக்கத்துப் பாயில் கிடந்தவன்தான் அதைச் சொன்னான். அந்த இரண்டு தோள்கள் இருந்திருந்தால் அவர் வாய் நனைந்திருக்கும். இதை நான் மறைக்கப்போவதில்லை, அந்த அம்மாவும் மறைத்ததில்லை. இறந்தவர் பாய்க்குப் பக்கத்தில் போய், காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் பெண் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். அவள் சும்மா போகவில்லை. தோப்பின் வேலியோரம் நின்று குனிந்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். கொட்டகைப் பக்கம் பார்த்துத் தூற்றினாள். “ஒத்தக் கண்ணு முண்ட! குழி உழுந்த மூஞ்சி! கஞ்சி ஊத்த வக்கில்லாத உனுக்கு இன்னாடி ஆஸ்பத்திரி? நீ நாசமாப் போவ! உன் வாயில தண்ணி ஊத்த ஆளில்லாம சாவ!” என்று கத்தினாள். சாலையில் போன வண்டிகள் நின்று வேடிக்கை பார்த்தன. அவள் வாயை மூட வேலியைப் பார்த்து ஓடப் போனேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூ விழுந்த கண்ணும் நல்ல கண்ணும் இரண்டும் நனைந்திருந்தன.

“உடு தம்பி. திட்டட்டும். உசுரோட ஊட்டுக்குப் போயி, அங்க குந்திகினு இன்னும் நூறு வருசம் திட்டட்டும்.”